தோல்விக்கு மறுநாள்

தேர்தல் முடிவு வெளியாகும் நாளில், மாலை ஐந்து மணிக்கு மேல், கரமனைச் சந்திப்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆற்றுப் பாலத்தின் பக்கமிருந்து வெற்றி ஊர்வலம் வரும். செண்டை முழங்கும், வெடிகள் அதிரும், இனிப்பு வழங்குவார்கள், பேருந்துகள் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அதே நேரத்தில் சாலையோரத்தில் இன்னொரு காரியமும் நடக்கும். அதை எவரும் நின்று பார்ப்பதில்லை. தோற்ற கட்சியின் தேர்தல் அலுவலகத்தில் யாரோ ஒருவர் வாடகை நாற்காலிகளை எண்ணி அடுக்கிக் கொண்டிருப்பார். வென்றவர்களைப் பற்றி மறுநாள் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதும். நாற்காலி அடுக்கிய அந்த மனிதர் மறுநாள் காலையில் என்ன செய்வார் என்பதைப் பற்றித்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர் கல்லூரி யூனியன் தேர்தலில் நின்று தோற்றார். சிறு தோல்வி அன்று. அவருடைய அணியில் ஒரே ஒருவர்தான் தேறினார். மறுநாள் நண்பர் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் கண்டபோது, “நம்மை வேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இனி எதற்கு இந்த வேலை?” என்றார். ஆறுதல் சொல்ல முயன்றேன்; வார்த்தை வரவில்லை.

அன்று மாலை எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெரியவரிடம் போய் இதைச் சொன்னேன். நாஞ்சில் நாட்டிலிருந்து இளம் வயதில் வந்து, சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதி, கரமனையிலேயே தங்கிவிட்டவர். தெருவில் எல்லாருக்கும் அவர் பாட்டாதான். 1967ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞராகக் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டு அலைந்தவர்.

“ஒன் கூட்டாளிக்கு நூத்துக்கு எத்தன ஓட்டு விழுந்துது மக்ளே?” என்று கேட்டார்.

“முப்பத்தைந்துக்குக் குறையாது, பாட்டா.”

பாட்டா சிரித்தார். “அறுபத்தேழுல எங்களுக்கும் அவ்வளவுதான் விழுந்துது. செயிச்சது ஒம்பது பேரு.”

அந்த ஒன்பது பேர் யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்று அறிய முற்பட்டேன். அப்படி அறிந்ததன் சுருக்கமே இக்கட்டுரை. ஒரு கட்சியைப் புகழவோ இன்னொன்றை இகழவோ நான் எழுதவில்லை. பெருந்தோல்வி அடைந்த கட்சி மீண்டும் எப்படித் திரள்கிறது, எப்போது திரளாமலே போகிறது என்பதை விளக்குவதே என் நோக்கம்.

ஒரே நாளில் இரண்டு தோல்வி

இந்த ஆராய்ச்சிக்குக் கரமனையைவிடத் தக்க இடம் இல்லை என்றே சொல்வேன். எங்கள் வீட்டுக்கு அருகே செல்லும் பெருஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவிலை அடைகிறது. கேரளப் பேருந்தும் தமிழ்நாட்டுப் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரமனைப் பாலத்தைக் கடக்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதிவரை இச்சாலை முழுவதும் ஒரே ராஜ்யத்தில் இருந்தது. அன்றைய தினம் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகர் ஆயிற்று. அன்றுமுதல் கரமனைத் தமிழர்களுக்கு ஒரு கண் திருவனந்தபுரத்துச் சட்டசபை மீதும், மறு கண் சென்னைச் சட்டசபை மீதும் இருந்து வருகிறது.

1967ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இவ்விரு ராஜ்யங்களிலும் காங்கிரஸ் வீழ்ந்தது. சென்னையில் 234 ஸ்தானங்களில் தி.மு.க. 137ஐப் பிடித்தது, காங்கிரசுக்கு 51 கிடைத்தன. அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த காமராஜர், தம் சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். முதலமைச்சராக இருந்த பக்தவத்சலமும் தோற்றார். கேரளத்தில் நிலைமை இன்னும் மோசம். 133 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 9. பாராளுமன்றத்துக்கு 19 தொகுதிகளில் ஒன்றே ஒன்று. அவ்வாண்டு மார்ச் 6ஆம் தேதி சென்னையில் அண்ணாவும், திருவனந்தபுரத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடும் பதவி ஏற்றனர். ஒரே நாள், ஒரே சாலையின் இரண்டு முனைகளிலும் ஒரே கட்சிக்குத் தோல்வி.

பத்தாண்டு கழித்துப் பாருங்கள். 1977ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒன்பது பேருக்குத் தலைவராக இருந்த அதே கே. கருணாகரன் கேரளத்தின் முதலமைச்சர் ஆனார். 51 பேரை வைத்திருந்த தமிழ்நாட்டுக் காங்கிரசோ, 1967க்குப் பிறகு ஒரு முதலமைச்சரைத் தரவே இல்லை. அதிகமாகத் தோற்றவன் எழுந்தான். குறைவாகத் தோற்றவன் எழவில்லை. இது எப்படி?

ஓட்டும் ஸ்தானமும்

முதலில் பாட்டா சொன்ன கணக்கைப் பார்ப்போம். 1967இல் கேரளத்தில் காங்கிரசுக்கு விழுந்த ஓட்டு 100க்கு 35க்குச் சற்று மேல். வேறு எந்தத் தனிக் கட்சிக்கும் அவ்வளவு விழவில்லை. 52 ஸ்தானங்களை வென்ற மார்க்சிஸ்ட் கட்சிக்கே 100க்கு 24க்கு உட்பட்ட ஓட்டுத்தான். அப்படியானால் காங்கிரஸ் ஏன் தோற்றது? இரண்டாண்டுகளுக்கு முன் 1965இல் நடந்த தேர்தலில் எதிர்க்கட்சிகள் பிரிந்து நின்றன. அப்போது காங்கிரசுக்கு 36 ஸ்தானங்கள் கிடைத்தன. 1967இல் மார்க்சிஸ்ட், இந்தியக் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், சம்யுக்த சோஷலிஸ்ட், ஆர்.எஸ்.பி. முதலிய ஏழு கட்சிகள் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றாக நின்றன. காங்கிரஸ் தனியாக நின்றது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் கேரளத்திலேயே உண்டு. 1957இல் கம்யூனிஸ்ட் கட்சி 100க்கு 35 ஓட்டுப் பெற்று 126இல் 60 ஸ்தானங்களை வென்றது. 1960இல் அதே கட்சிக்கு ஓட்டு 39 ஆக உயர்ந்தது. ஸ்தானமோ 29 ஆகக் குறைந்தது. காங்கிரசும், பிரஜா சோஷலிஸ்டும், லீகும் அப்போது ஒன்றாக நின்றதே காரணம்.

ஆகவே தோல்வி அடைந்த கட்சி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “மக்கள் நம்மை விட்டுப் போய்விட்டார்களா, அல்லது நண்பர்கள் போய்விட்டார்களா?” என்பது. இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. ஓட்டே போய்விட்டது என்று எண்ணி ஒடுங்கிப் போகிறவன், கையில் இருக்கும் மூன்றில் ஒரு பங்கு மக்களையும் கைவிட்டவன் ஆகிறான். ஓட்டு இருக்கிறதே என்று இறுமாந்து நண்பர்களைத் தேடாதவன் அடுத்த முறையும் தோற்கிறான்.

காங்கிரசின் நண்பர்கள் ஏன் போனார்கள்? 1957இல் முதன்முதலாகத் தோற்றபோது கேரளக் காங்கிரசார் குறுக்கு வழியில் எழுந்தார்கள். விமோசனப் போராட்டம் நடந்தது. 1959 ஜூலை 31ஆம் தேதி மத்திய சர்க்கார் ஈ. எம். எஸ். மந்திரிசபையைக் கலைத்தது, 1960இல் காங்கிரஸ் அணி வென்றது. மூன்றே ஆண்டுகளில் மீண்டும் அதிகாரம்! ஆனால் விரைவில் எழுந்தவர்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தோளோடு தோள் நின்ற முஸ்லிம் லீகுக்கு மந்திரிசபையில் இடம் தரவில்லை. சபாநாயகர் பதவியோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரஜா சோஷலிஸ்ட் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை 1962இல் பஞ்சாபுக்குக் கவர்னராகப் போனார். அதன்பின் கட்சிக்குள்ளேயே பூசல் வளர்ந்தது. 1964 செப்டம்பரில் காங்கிரஸ் உறுப்பினர்கள் பதினைந்து பேரே எதிர்த்து நிற்க, ஆர். சங்கரின் மந்திரிசபை கவிழ்ந்தது. அவர்கள் கேரளா காங்கிரஸ் என்று தனிக் கட்சி கண்டார்கள். 1967இன் தோல்வி ஓட்டுப் பெட்டியில் பிறந்ததன்று. 1960இன் வெற்றியிலேயே கருவுற்றது.

முதல் தோல்வி தந்த பிள்ளை

ஆயினும் 1957இன் தோல்வி கேரளக் காங்கிரசுக்கு ஒரு நன்மையும் செய்தது. கட்சி தேர்தலில் தோற்ற அதே ஆண்டில், ஆலப்புழையில் கேரள மாணவர் யூனியன் தோன்றியது. நாம் அன்றாடம் கே.எஸ்.யு. என்று சொல்கிறோமே, அதுதான். அடுத்த ஆண்டு படகுக் கட்டண விவகாரம் வந்தது. குட்டநாட்டில் ஆறும் காயலுமே சாலை; பள்ளிக்கும் கல்லூரிக்கும் படகில்தான் போகவேண்டும். மாணவர்களுக்கு ஓரணாவாக இருந்த கட்டணத்தைப் பத்துப் பைசாவாக உயர்த்தினார்கள். மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1958இல் நடந்த அந்த ‘ஓரணா சமரம்’ கேரள மாணவர் இயக்க வரலாற்றில் நிலைத்துவிட்டது. அதில் முன்னணியில் நின்றவர்களில் வயலார் ரவியும், ஏ. கே. ஆன்டனியும் இருந்தனர்.

இங்கே சாலையின் மறுமுனையை எண்ணிப் பாருங்கள். 1965இல் சென்னை ராஜ்யத்தில் மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். அங்கே காங்கிரஸ் ஆளும் கட்சி; மாணவர் கூட்டம் அதற்கு எதிரே நின்றது. காமராஜரை வீழ்த்தியவரும் அப்போராட்டத்தில் உருவான மாணவர் தலைவரே. இருபது ஆண்டுகளாக ஆண்ட கட்சிக்கு, மாணவர் கோபம் தன்னை நோக்கித் திரும்பியிருப்பது சரியாகக் கேட்கவில்லை. கேரளத்திலோ காங்கிரஸ் ஒரு முறை தோற்று எதிர்க்கட்சியாக இருந்ததால், மாணவர்களுக்குள் அதற்கு ஓர் இளந்தளிர் முளைத்திருந்தது. ஆளும்போது சேர்கிறவர்கள் பதவியை நாடி வருகிறார்கள். தோற்றிருக்கும்போது சேர்கிறவர்கள் வேலை செய்ய வருகிறார்கள். முதல் தோல்வியில் பிறந்த அந்தப் பிள்ளைதான் இரண்டாம் தோல்வியில் குடும்பத்தைத் தாங்கியது.

இங்கிலாந்திலும் இத்தகைய ஒன்று நடந்திருக்கிறது. 1945இல், உலகப் போரில் வெற்றி தேடித்தந்த சர்ச்சிலையே அந்நாட்டு மக்கள் தோற்கடித்தனர். தொழிற்கட்சி 393 ஸ்தானங்களைப் பெற்றது. தோற்ற கன்சர்வேட்டிவ் கட்சியினர் மூன்று காரியங்களைச் செய்தார்கள். வுல்டன் பிரபு கட்சித் தலைமைக் காரியாலயத்தை ஏற்று ஊர் ஊராகப் புதிய உறுப்பினர்களையும் நிதியையும் திரட்டினார். இளைஞர் கிளைகளை வளர்த்தார்கள். பட்லர் என்பவர் கட்சியின் கொள்கையையே திருத்தி எழுதும் வேலையில் இறங்கினார். 1947இல் தொழில் துறை பற்றிய புதிய சாசனம் வெளிவந்தது. மக்கள் விரும்பி ஏற்றுக்கொண்ட தொழிற்கட்சிச் சீர்திருத்தங்கள் பலவற்றை எதிர்த்து முட்டிக்கொள்ளாமல் அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆறே ஆண்டுகளில், 1951இல், சர்ச்சில் மீண்டும் பிரதமர் ஆனார். ஆள் சேர்த்தல், இளைஞரை வளர்த்தல், மக்கள் ஏன் மறுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய இம்மூன்றுக்கும் நாட்டு வேற்றுமை இல்லை.

ஒன்பது பேர் செய்தது

நிற்க. திருவனந்தபுரத்துச் சட்டசபைக்கு வருவோம். 133 பேர் கொண்ட சபையில் ஒன்பது பேர் ஒரு மூலையில் அடங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவரான கருணாகரன் திருச்சூரில் தொழிற்சங்க வேலையில் வளர்ந்தவர். மாளைத் தொகுதியிலிருந்து வந்தவர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு எந்தத் தீர்மானத்தையும் தோற்கடிக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும். ஏழு கட்சி மந்திரிசபையில் எந்தக் கட்சிக்கு எந்தக் கட்சிமேல் வருத்தம் என்று கவனிக்க முடியும். பொறுத்திருக்க முடியும்.

பொறுமைக்குப் பலன் கிடைத்தது. ஏழு கட்சிகளும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. மந்திரிகள் மீது ஊழல் புகார்களும் விசாரணைக் கோரிக்கைகளும் எழுந்தன. 1969 அக்டோபரில் ஈ. எம். எஸ். ராஜினாமாச் செய்தார். நவம்பர் முதல் தேதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. அச்சுத மேனன் முதலமைச்சர் ஆனார். காங்கிரஸ் அவரை வெளியிலிருந்து ஆதரித்தது. பதவி கேட்கவில்லை. பந்திக்கு முந்து என்பது பழமொழி. இவர்கள் பந்திக்குப் பிந்தினார்கள்! பத்தாண்டுக்கு முன் விமோசனப் போராட்டத்தில் எந்தக் கட்சியைக் கவிழ்த்தார்களோ, அதன் ஒரு பிரிவையே இப்போது தாங்கி நின்றார்கள்.

1970 செப்டம்பரில் தேர்தல் வந்தது. 1967இல் எல்லாத் தொகுதியிலும் நின்று 9 ஸ்தானங்களை வென்ற காங்கிரஸ், இம்முறை பாதிக்கும் குறைவான தொகுதிகளில் நின்று 30 ஸ்தானங்களை வென்றது. மற்றவற்றை நண்பர்களுக்கு விட்டுக் கொடுத்தது. இந்த 30 பேரில் புதிய முகங்களும் இருந்தன. சேர்த்தலையில் ஆன்டனி வென்றார். புதுப்பள்ளியில் இருபத்தாறு வயது உம்மன் சாண்டி வென்றார். அன்று தொடங்கிய உம்மன் சாண்டி, 2023இல் மறையும்வரை அத்தொகுதியைக் கைவிடவே இல்லை. அடுத்த ஆண்டு வயலார் ரவி நம் ஊருக்கு வடக்கே உள்ள சிறயின்கீழ் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1973இல், முப்பத்திரண்டு வயதில், ஆன்டனி மாநிலக் காங்கிரசின் தலைவரானார். ஓரணாவுக்காகப் போராடிய மாணவர்கள் கட்சியையே கையில் வாங்கிக்கொண்டார்கள்.

முதியவர்கள் இதை மனமுவந்து கொடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இளைஞர்களுக்கும் கருணாகரனுக்கும் இடையே பூசல் பிறந்தது, பல்லாண்டு நீடித்தது, கட்சி இரண்டு அணியாகவே நடந்தது. ஆனாலும் வாசல் திறந்திருந்தது. வெற்றி பெற்ற கட்சியில் ஒரு நாற்காலி காலியாவதற்குக் காத்திருக்க வேண்டும்; தோற்ற கட்சியில் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. அவற்றில் இளைஞரை உட்கார வைக்கும் கட்சி எழுகிறது.

நாகர்கோவில் வழி

இனித் தெற்கே செல்வோம். நாகர்கோவில் பாராளுமன்ற உறுப்பினரான மார்ஷல் நேசமணி 1968 ஜூன் மாதம் காலமானார். 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. விருதுநகரில் தோற்ற காமராஜர் இங்கே நின்றார். பாட்டா இங்கிருந்து பேருந்து ஏறிப்போய் அந்தத் தேர்தலில் வேலை செய்திருக்கிறார். “கூட்டம் எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு தெரியாது மக்ளே. அந்த மனுசனப் பாத்தாப் போதும்னு கெழவிங்க எல்லாம் ரோட்டுல நின்னாங்க” என்று இன்றும் சொல்கிறார். காமராஜர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். காங்கிரஸ் எழுந்துவிட்டது என்றே அப்போது பலரும் நினைத்தார்கள்.

ஆனால் அது ஒரு மனிதரின் மீது ஒரு ஜில்லா வைத்திருந்த அன்பு. அந்த விளக்கைக் கொண்டு மற்ற விளக்குகளை ஏற்றுவதற்குள் வீடே இரண்டாயிற்று. 1969இன் இறுதியில் அகில இந்தியக் காங்கிரஸ் பிளந்தது. கேரளக் காங்கிரசாரில் பெரும்பாலோர் இந்திரா காந்தியின் பக்கம் ஒன்றாகப் போனார்கள்; தமிழ்நாட்டிலோ பெரும்பாலோர் காமராஜருடன் பழைய காங்கிரசில் நின்றார்கள். இந்திராவின் கட்சி இங்கே தலை இருந்தும் உடல் இல்லாமல் நின்றது. காமராஜரின் கட்சிக்கு உடல் இருந்தது, டில்லியில் தலை இல்லை.

1971இல் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல் வந்தது. தி.மு.க.வோடு உடன்பாடு செய்துகொண்ட இந்திரா காங்கிரஸ், பாராளுமன்றத்துக்குச் சில தொகுதிகளைப் பெற்றுக்கொண்டு, சட்டசபைத் தொகுதி ஒன்றில்கூட நிற்கவில்லை. எதிரே நின்ற காமராஜரின் காங்கிரசுக்கு 100க்கு ஏறத்தாழ 35 ஓட்டு விழுந்தது; ஸ்தானம் 15. பாராளுமன்றத்துக்கு நாகர்கோவில் ஒன்றே தேறியது, அது காமராஜருடையது. மீண்டும் அதே முப்பத்தைந்து! ஒன்பது பேரைப் பெற்ற கேரளக் காங்கிரசுக்கு இருந்த அதே அளவு ஓட்டு தமிழ்நாட்டுக் காங்கிரசுக்கும் இருந்தது.

வேற்றுமை எங்கே என்பது இப்போது தெளிவாகும். கேரளத்தில் காங்கிரஸ் பாதிக்கு மேற்பட்ட தொகுதிகளை விட்டுக் கொடுத்தது. ஆனால் தனக்கென்று வைத்துக்கொண்ட தொகுதிகளில் உழைத்தது. தமிழ்நாட்டில் இந்திரா காங்கிரஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டது. விட்டுக் கொடுப்பது வேறு, விட்டுவிடுவது வேறு.

ஒரு தொகுதியில் கட்சி நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வேட்பாளர் இல்லையென்றால் சுவரில் எழுத ஆள் இல்லை. ஓட்டுச் சாவடியில் உட்காரும் ஏஜெண்டு இல்லை. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்ப்பார் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆண்டு ஓட்டு வந்தது, எந்த வீட்டில் யார் இறந்தார் என்ற விவரம் யாரிடமும் இல்லை. ஒரு தேர்தல் இப்படிப் போனால் ஊழியன் வருந்துவான். இரண்டு தேர்தல் போனால் வேறு கட்சிக்குப் போவான். மூன்று போனால் அவன் மகனுக்கு அந்தக் கட்சியின் பெயர் மட்டுமே தெரியும்.

அந்த வெற்றிடத்தை வேறொருவர் நிரப்பினார். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1973இல் நடந்த திண்டுக்கல் இடைத்தேர்தலில் புதிய கட்சி வென்றது, காமராஜரின் காங்கிரஸ் இரண்டாவது வந்தது, ஆளும் தி.மு.க. மூன்றாவது. காமராஜரின் கட்சிக்கு அப்போதும் ஓட்டு இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் தி.மு.க.வை வேண்டாதவர்கள் போய்ச் சேருவதற்கு வேறொரு வீடு திறந்துவிட்டது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி காமராஜர் மறைந்தார். அவருடைய தொண்டர்களில் பெரும் பகுதியினர் அடுத்த ஆண்டு இந்திரா காங்கிரசில் இணைந்தனர். 1977 சட்டசபைத் தேர்தலில் அக்கட்சிக்கு 27 ஸ்தானங்களே கிடைத்தன. அதன்பின் தமிழ்நாட்டில் தேர்தல் என்றால் இரண்டு கழகங்களின் போட்டி என்றாயிற்று; காங்கிரஸ் மாறி மாறி அவற்றின் தோளில் சாய்ந்தது.

தி.மு.க.வும் தோல்வியை அறியாததன்று. 1962இல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆனால் அவர் கட்சி 50 ஸ்தானங்களை வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்து வேலை செய்தது. ஐந்தாண்டில் ஆட்சிக்கு வந்தது. 1991இல் அதே தி.மு.க.வுக்கு இரண்டே ஸ்தானங்கள் மிஞ்சின. பின் கட்சியும் பிளந்தது. ஆயினும் கிளைகள் கலையவில்லை. 1996இல் 173 ஸ்தானங்களோடு திரும்பியது. கிளை இருந்தால் இலை வரும்.

எழுந்தபின்

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது பாதி உண்மையாகவே நிற்கும். கேரளக் காங்கிரஸ் எழுந்தது என்றேன். எழுந்து என்ன செய்தது?

1971 செப்டம்பரில் காங்கிரஸ் அச்சுத மேனன் மந்திரிசபையில் சேர்ந்தது. கருணாகரன் உள்துறை மந்திரி ஆனார். 1975இல் நெருக்கடி நிலை வந்தது. 1976 மார்ச் முதல் தேதி, கோழிக்கோடு வட்டார இன்ஜினியரிங் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். கக்கயத்தில் இருந்த போலீஸ் முகாமில் அவர் உயிர் போயிற்று. உடல் கிடைக்கவில்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர், மகன் எங்கே என்று கதவு கதவாகத் தட்டினார்.

1977 மார்ச் மாதத் தேர்தலில் ஆளும் அணி 140இல் 111 ஸ்தானங்களை வென்றது. ஒன்பது பேரின் தலைவர் முதலமைச்சர் ஆனார். அதே மாதத்தில் ஈச்சர வாரியர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அந்த வழக்கின் விளைவாக ஏப்ரல் மாதம் 25ஆம் தேதி கருணாகரன் ராஜினாமாச் செய்தார். பத்தாண்டுக் காலம் ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கட்டிய மாளிகையில் அவர் குடியிருந்தது ஒரு மாதம். அவருக்குப் பின் ஆன்டனி முப்பத்தாறு வயதில் முதலமைச்சர் ஆனார். கருணாகரன் அதன்பிறகும் விடாமல் கூட்டணி அமைத்து 1981 டிசம்பரில் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் ராஜன் திரும்பி வரவில்லை.

மாணவர்களாகிய நாம் இதை மறக்கலாகாது. மாணவர்களின் தோளில் ஏறி எழுந்த கட்சி அதிகாரத்தில் பங்கு பெற்ற காலத்தில்தான் ஒரு மாணவன் மறைந்தான். தோற்றவன் ‘எப்படி எழுவது?’ என்று மட்டும் கேட்டு, ‘எதற்காக எழுவது?’ என்று கேட்காவிட்டால், அவன் எழுவதால் நாட்டுக்கு ஆகும் பயன் என்ன? எதிர்க்கட்சி வரிசையில் ஒன்பது பேராக இருந்தபோது சர்க்காரைக் கேள்வி கேட்டவர்கள், சர்க்காரில் அமர்ந்தபின் தங்களையே அக்கேள்வி கேட்டிருக்க வேண்டும். தோல்வி தரும் பாடத்தில் இதுவே கடினமான பகுதி. பெரும்பாலோர் படிக்காமல் விடும் பகுதியும் இதுவே.

நண்பருக்கு

இவற்றையெல்லாம் என் நண்பரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின், “அதெல்லாம் பெரிய கட்சிகளின் கதை. நான் நாளைக் காலையில் என்ன செய்வது?” என்றார்.

நியாயமான கேள்வி. பாட்டாவிடமே அழைத்துச் சென்றேன். பாட்டா உள்ளே போய், அட்டை கிழிந்த பழைய கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 1967இல் எங்கள் பகுதியில் வீடு வீடாகச் சென்று எழுதியதாம். பக்கங்கள் மஞ்சளாகியிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று பெயர்கள் தனியே இருந்தன.

“இவங்க யாரு, பாட்டா?” என்று நண்பர் கேட்டார்.

“தோத்த மறுநாள் காலையில ஆப்பீசுக்கு வந்தவங்க. செயிச்ச வருசம் வந்தவங்க பேரு ஒண்ணும் எழுதி வைக்கல. எழுதுனா நோட்டு பத்தாது. நீ ஒன் கூட்டாளிங்கள்ல யாரெல்லாம் இன்னும் வாறாங்கன்னு நாளைக்குப் போயிப் பாரு. மொதல்ல அந்தப் பேர எழுதி வையி.”

மறுநாள் நண்பர் வகுப்புக்கு வந்தார். மத்தியானம் கல்லூரி மரத்தடியில் அவருடைய அணியினர் கூடினார்கள். தேறிய அந்த ஒருவரோடு சேர்த்து ஐந்து பேர். நான் அந்த அணியைச் சேர்ந்தவன் அல்லன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். நண்பர் ஒரு புது நோட்டைத் திறந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.